கடிகாரம் இல்லாத வரைபடம்

உருகிய காரீயமும் வெள்ளீயமும் கலந்த குழம்பு ஒரு மூசையில் ஆறிக்கொண்டிருக்கிறது. அதில் அமிழ்த்திய வெப்ப இரட்டை, நொடிக்கு நொடி வெப்பநிலையைக் காகிதத்தில் கோடாக இழுத்துச் செல்கிறது. கோடு சரிகிறது. ஓரிடத்தில் சரிவின் வேகம் சட்டென்று தளர்கிறது. குழம்புக்குள் முதல் திண்மத் துகள்கள் தோன்றிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு மெல்ல மெல்ல இறங்கி, 183 டிகிரி செல்சியஸை எட்டியதும் கோடு படுத்துக்கொள்கிறது. மூசையிலிருந்து வெப்பம் வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறது. அருகில் கையை நீட்டினால் அனல் தெரியும். ஆனாலும் வெப்பநிலை இறங்குவதில்லை. எஞ்சிய நீர்மம் முழுவதும் இறுகி முடிந்த பிறகே கோடு மீண்டும் கீழ்நோக்கி நடக்கத் தொடங்குகிறது.

வெள்ளீயத்தின் அளவைக் கூட்டி இன்னொரு மூசையை வையுங்கள். முதல் தளர்ச்சி வேறு வெப்பநிலையில் வரும். ஆனால் அந்த நீண்ட நிறுத்தம் மறுபடியும் அதே 183 டிகிரியில்தான். தூய காரீயம் 327 டிகிரியில் உருகுவது, தூய வெள்ளீயம் 232 டிகிரியில் உருகுவது. இரண்டும் சேர்ந்தால், தனித்தனியே எதுவும் உருகாத வெப்பத்தில் உருகி நிற்கின்றன. வெள்ளீயம் ஏறத்தாழ 62 விழுக்காடு இருக்கும் கலவையில் இடைப்பட்ட தயக்கம்கூட இல்லை; நீர்மமாக இருந்தது அந்த ஒரே வெப்பநிலையில் முழுத் திண்மமாகிவிடுகிறது. பற்றாசு வைத்து வானொலிப் பெட்டி பழுதுபார்த்த தலைமுறைக்கு இது கைப்பழக்கமாகத் தெரிந்த செய்தி.

இப்படி மூசை மூசையாக ஆறவிட்டு, தயங்கிய இடங்களையெல்லாம் புள்ளிகளாகக் குறித்து, புள்ளிகளைக் கோடுகளாக இணைத்தால் கிடைப்பதுதான் நிலைமைச் சமநிலை வரைபடம். உலோகத் தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் சொல்லும் ஃபேஸ் டயகிராம். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் குஸ்டாவ் தம்மானும் அவருடைய மாணவர்களும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வழியில்தான் உலோக இணைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து படம் வரைந்தார்கள். பாடநூலில் அது ஒரே நாளில் யாரோ அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் தெளிவாக அச்சாகியிருக்கும். அதன் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால், பொருள் தயங்கி நின்ற எத்தனையோ கணங்கள் உண்டு.

அந்தப் படம் நமக்கு என்ன சொல்கிறது? கிடைமட்ட அச்சில் கலவையின் விகிதம், செங்குத்து அச்சில் வெப்பநிலை. இரண்டையும் குறித்து ஒரு புள்ளி வைத்தால், அந்த விகிதத்தில் அந்த வெப்பத்தில் பொருளை அதன் போக்கில் விட்டுவிட்டால் இறுதியில் அது என்னவாக இருக்கும் என்று படம் விடை தருகிறது. நீர்மமாகவா, திண்மமாகவா, இரண்டும் கலந்தா, எவ்வளவு இது, எவ்வளவு அது என்பதெல்லாம் அதில் உண்டு. ‘இறுதியில்’ என்ற சொல்லை நாம் பெரும்பாலும் கவனிக்காமலே கடந்துவிடுகிறோம். படத்தின் முழுப் பொருளும், அதன் முழு ஆபத்தும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன.

இந்தப் படங்களுக்கெல்லாம் அடித்தளமான விதியைக் கண்டவர் எந்த மூசையையும் ஆறவைக்கவில்லை. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழகத்தில், 1871-ல் கணித இயற்பியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டு, முதல் ஒன்பது ஆண்டுகள் ஊதியமே இல்லாமல் பணிபுரிந்த ஜோசையா வில்லார்ட் கிப்ஸ்தான் அவர். 1875 முதல் 1878 வரை, கனெக்டிகட் கலை அறிவியல் கழகத்தின் இதழில் அவருடைய பெருங்கட்டுரை பகுதி பகுதியாக வெளிவந்தது. சமன்பாடுகள் எழுநூறு; அன்றாட உதாரணங்கள் அருகியே. உள்ளூர் வாசகர்களில் அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர் ஒருவராவது இருந்திருப்பாரா என்பது ஐயமே. ஆனால் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஒருவர் கிப்ஸின் முந்தைய கட்டுரைகளைப் படித்திருந்தார். ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், அவற்றில் சொல்லப்பட்ட ஆற்றல் பரப்பைத் தம் கையாலேயே களிமண்ணில் வனைந்து, சுதையில் வார்த்து, ஒரு வார்ப்பைக் கிப்ஸுக்கே அனுப்பிவைத்தார். எண்ணத்தால் மட்டும் தொடக்கூடிய ஒரு மலைச்சரிவை, கையால் தொட்டுப்பார்க்கும்படி செய்து கொடுத்த அந்தச் செயலை அறிவியல் வரலாற்றின் அருமையான மரியாதைகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

கிப்ஸின் நிலைமை விதி ஒரே வரியில் அடங்குவது. ஓர் அமைப்பில் உள்ள கூறுகளின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அங்கே சேர்ந்திருக்கும் நிலைமைகளின் எண்ணிக்கையைக் கழித்தால், நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளக்கூடிய மாறிகள் எத்தனை என்பது கிடைக்கும். அதாவது, எத்தனை சுதந்திரம் மிச்சம் என்பது. நீராவி மட்டும் இருக்கும்போது அழுத்தம், வெப்பநிலை இரண்டையும் நாமே தேர்ந்துகொள்ளலாம். நீரும் ஆவியும் சேர்ந்திருக்க வேண்டுமென்றால் ஒன்றைத்தான் தேரலாம். குக்கரின் அழுத்தத்தை நிர்ணயித்துவிட்டால் உள்ளே நீர் எத்தனை டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. பனி, நீர், ஆவி மூன்றும் ஒருங்கே இருக்க வேண்டுமானால் தேர்வதற்கு எதுவுமே இல்லை. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம். உலகில் எங்கே, யார், எந்தக் கண்ணாடிக் குடுவையில் செய்தாலும் அது 0.01 டிகிரி செல்சியஸ்தான்.

இதைக் கூட்டுக்குடும்பத்தோடு ஒப்பிடத் தோன்றும். சேர்ந்து வாழ்பவர்கள் கூடக்கூட ஒவ்வொருவருடைய உரிமையும் குறையும் என்று ஒரு பாடம் சொல்லிவிட்டுப் போகலாம். அவ்வளவு எளிதில் கிடைக்கும் பாடத்தின்மீது எனக்கு நம்பிக்கை இல்லை. விதி காட்டுவது அதைவிட நுட்பமானது. சுதந்திரம் முற்றிலும் தீர்ந்துபோன அந்த மும்மைப் புள்ளியைத்தான் மனிதகுலம் வெப்பநிலையின் அளவுகோலாகக் கொண்டது. 1954 முதல் 2019 வரை கெல்வின் என்ற அலகே நீரின் மும்மைப் புள்ளியை 273.16 என்று வைத்துத்தான் வரையறுக்கப்பட்டிருந்தது. விருப்பம்போல் அசையக்கூடிய எதையும் நம்பி அளக்க முடியாது. காரீய, வெள்ளீயக் குழம்பு 183-ல் நின்றதன் காரணமும் இதுவே. நீர்மம், காரீயம் மிகுந்த திண்மம், வெள்ளீயம் மிகுந்த திண்மம் என மூன்று நிலைமைகள் அங்கே ஒருங்கே இருக்கின்றன; வளிமண்டல அழுத்தமும் மாறாது நிற்பதால், வெப்பநிலைக்கு நகர இடமில்லை. நாம் விளிம்புகளில் தள்ளிப்பார்க்கிறோம். அது அசைய மறுக்கிறது. அந்த மறுப்பிலிருந்துதான் நம் அறிவு தொடங்குகிறது.

வரைபடத்தின் நடுப்பகுதியில் இன்னொரு செய்தி உண்டு. பாடமாக நடத்தும்போது நெம்புகோல் விதி என்ற கணக்காக மட்டும் சுருங்கிப்போகும் செய்தி. 40 விழுக்காடு வெள்ளீயம் உள்ள கலவையை 200 டிகிரியில் வைத்திருப்பதாகக் கொள்வோம். அங்கே ஒரு பகுதி திண்மம். அதில் வெள்ளீயம் 20 விழுக்காட்டுக்கும் கீழே. மற்றது நீர்மம், அதில் 50-க்கும் மேலே. நாற்பது எங்கே? எங்கும் இல்லை. மூசையின் எந்த மூலையைத் துழாவினாலும் நாற்பது விழுக்காடு கொண்ட ஒரு துளி கிடைக்காது. நாம் கலந்த விகிதத்தை நாற்பத்தைந்தாக உயர்த்தினாலும், அந்தத் திண்மத்தின் குணமோ நீர்மத்தின் குணமோ இம்மியும் மாறுவதில்லை. நீர்மத்தின் பங்கு கூடுகிறது, அவ்வளவுதான். சராசரி என்பது நம் கணக்கில் இருப்பது, பொருளில் இருப்பது அன்று. தனிநபர் சராசரி வருமானம் என்று ஒரு தொகையை அறிவிக்கும்போது அந்தத் தொகையைச் சரியாகச் சம்பாதிக்கும் ஒருவரைக்கூடத் தெருவில் சந்திக்க முடியாமல் போவதை நாம் அறிவோம். உலோகம் அதே உண்மையைக் கண்ணுக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்து காட்டுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் வரைபடத்தின் பேச்சு. இனி அதன் மௌனம்.

கிப்ஸின் விதியை உலகத்துக்கு எடுத்துக்காட்டியதில் பெரும்பங்கு டச்சு வேதியியலாளர் பாக்கெய்ஸ் ரோசபோமுக்கு உரியது. இங்கிலாந்தில் ராபர்ட்ஸ்-ஆஸ்டென் தம் அளவீடுகளால் இரும்பு, கார்பன் வரைபடத்தை வரைந்திருந்தார். ரோசபோம் 1900-ல் நிலைமை விதியின் துணைகொண்டு அதை ஒழுங்குபடுத்தினார். இன்று உலகின் எந்த உலோகவியல் வகுப்பிலும் முதலில் விரியும் படம் அதுதான். நாகரிகம் என்று நாம் சொல்வதில் பாதி அந்த ஒரு தாளின் இடதுபக்க ஓரத்தில், இரண்டு விழுக்காடு கார்பனுக்கு உட்பட்ட குறுகிய பட்டைக்குள் அடங்கியிருக்கிறது என்றால் மிகையில்லை.

அந்தத் தாளில் 727 டிகிரியில் ஒரு கிடைக்கோடு. அதற்கு மேலே, 0.8 விழுக்காட்டை ஒட்டிக் கார்பன் கொண்ட உருக்கு, ஆஸ்டெனைட் என்ற ஒரே திண்மக் கரைசல். கார்பன் அணுக்கள் இரும்பின் படிக இடைவெளிகளில் கரைந்து கிடக்கின்றன. கோட்டுக்குக் கீழே அது இரண்டாகப் பிரிய வேண்டும் என்கிறது படம்: கார்பனை ஏறக்குறைய முற்றிலும் துறந்த ஃபெரைட், 6.7 விழுக்காடு கார்பனைச் சுமக்கும் இரும்புக் கார்பைடான சிமென்டைட். மெதுவாக ஆறவிட்டால் அப்படியே நடக்கிறது. ஆறிய துண்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, நைட்டல் என்னும் அரிப்புக் கரைசலை ஒரு சில நொடி தடவிக் கழுவி, நுண்நோக்கியின்கீழ் வைத்தால், இருண்டதும் வெளிறியதுமான மெல்லிய வரிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, ஒரு திட்டில் இப்படியும் அடுத்த திட்டில் அப்படியுமாகச் சாய்ந்து ஓடுவதைக் காணலாம். பியர்லைட் என்பது அதன் பெயர். கார்பன் அணுக்கள் அண்டை வரிக்கு நடந்துபோக நேரம் கிடைத்ததன் சான்று அந்த வரிகள்.

நேரம் கிடைக்காவிட்டால்? கொல்லர் அரிவாளின் வாயைச் செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ச்சல் கொடுக்கும்போது நடப்பது அதுதான். கார்பன் நகர்வதற்குள் இரும்பின் படிக அடுக்கு உருமாறிவிடுகிறது. வெளியேற வேண்டிய கார்பன் உள்ளேயே சிறைப்பட்டு, அடுக்கையே கோணலாக்கி, மார்டென்சைட் என்ற கடுமையான பொருள் பிறக்கிறது. அறுவடைக்கும் சமையலுக்கும் அறுவை மருத்துவத்துக்கும் கூர் தருவது அது. இரும்பு, கார்பன் சமநிலை வரைபடத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் மார்டென்சைட்டுக்கு அதில் இடம் கிடையாது. உருக்கைப் பற்றிய தலையாய படத்தில், உருக்கு எதற்காகப் பெயர்பெற்றதோ அந்தப் பொருள் இல்லை!

படத்தின் பிழை அன்று இது. படத்தில் இரண்டு அச்சுகள் இருக்கின்றன, கடிகாரம் இல்லை. போய்ச் சேர வேண்டிய ஊரை அது சொல்கிறது; எப்போது சேர்வோம் என்றோ, சேர்வோமா என்றோ சொல்ல அது ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. 1930-ல் அமெரிக்காவில் டேவன்போர்ட்டும் பெய்னும் காலத்தையே ஓர் அச்சாகக் கொண்டு, எந்த வெப்பநிலையில் எத்தனை நேரத்தில் உருமாற்றம் தொடங்கி முடிகிறது என்று தனியே ஒரு படம் வரைய வேண்டியிருந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கொல்லரின் கை அந்தக் காலத்தை அறிந்திருந்தது. தோய்ச்சல் கொடுத்த வாயை அப்படியே விட்டால் கல்லில் பட்டதும் தெறித்துப்போகும் என்பதால், மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டி, சிறைப்பட்ட கார்பனில் ஒரு பகுதிக்கு மட்டும் வழிவிட்டார்கள். சமநிலையை முழுதாக மறுத்தால் உடையும். முழுதாக ஏற்றால் மழுங்கும். எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதிலேயே அந்தக் கலையெல்லாம் இருந்தது.

அலுமினியத்திலும் இதே கதை, வேறு முகத்தோடு. 1906-ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம், செம்பு சிறிதளவு கலந்த அலுமினியத்தைக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தார். உருக்கைப்போல் கடினமாகும் என்ற எண்ணம். ஆகவில்லை. சில நாள் கழித்து மறுபடி அளந்தபோது, யாரும் தொடாமல் கிடந்த உலோகம் தானாகவே வலிமை பெற்றிருந்தது. டூராலுமின் என்று அது ஆகாயக் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் எலும்பானது; ஏன் வலுத்தது என்பதுதான் விளங்கவில்லை. மெரிக்கா என்ற உலோகவியலாளரும் அவருடைய இரு சகாக்களும் 1919-ல் விளக்கம் சொன்னபோது அவர்கள் கையில் எடுத்தது சமநிலை வரைபடத்தை. 548 டிகிரியில் அலுமினியம் தனக்குள் கரைத்துக்கொள்ளும் செம்பு ஐந்து விழுக்காட்டுக்கும் மேல். அறை வெப்பத்திலோ ஒரு விழுக்காட்டில் சிறு பங்கே. சட்டென்று குளிர்ந்ததால் வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்ட மிகுதிச் செம்பு, பின்னர் மெல்ல மெல்ல நுண்திரள்களாகக் கூடி, உலோகத்தின் நழுவலைத் தடுக்கிறது. இங்கே வலிமை, புறப்பட்டுவிட்ட ஒரு பயணத்தின் நடுவழியில் கிடைத்திருக்கிறது. இறுதிவரை போகவிட்டால் திரள்கள் பருத்து, உலோகம் மறுபடி மென்மையாகிவிடும். போகும் ஊர் எது என்று படம் சொல்லாமல் இருந்திருந்தால், நடுவழியில் எங்கே நிறுத்துவது என்று நமக்குத் தெரிந்திருக்காது.

நம் அண்டை மண்ணில் இதைவிட வியப்பான ஒரு பொருள் இருக்கிறது. நம்மாழ்வார் திருவாறன்விளை என்று பாடிய தலம், இன்று கேரளத்தின் ஆரன்முளா. அங்கே வார்க்கப்படும் உலோகக் கண்ணாடியில் பின்புறப் பூச்சு கிடையாது. செம்பும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலத்தின் மேற்பரப்பே முகம் காட்டுகிறது. அதற்குக் காரணமான டெல்டா என்னும் நிலைமை, வரைபடத்தின்படி 350 டிகிரிக்குக் கீழே வேறு இரண்டாகச் சிதைந்துவிட வேண்டும். வரைபடம் அவ்விதம் விதித்திருக்க, கண்ணாடியோ தலைமுறை தலைமுறையாக முகம் காட்டிக்கொண்டிருக்கிறது. அணுக்கள் இடம்பெயர அங்கே போதிய வெப்பம் இல்லை. சிதைவுக்கான வழி திறந்தே இருந்தும் யாரும் நடக்க முடியாத வழியாக இருக்கிறது.

ஆக, நிலைத்து நிற்பதில் இரண்டு வகை உண்டு என்று தெரிகிறது. இனிமேல் போவதற்கு இடமில்லை என்பதால் நிற்பது ஒன்று. போக வேண்டிய இடம் இருந்தும் வழி அடைபட்டிருப்பதால் நிற்பது மற்றொன்று. முன்னது சமநிலை, பின்னது சிற்றுறுதி நிலை என்று வேதியியல் பிரித்துச் சொல்லும். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே அசையாமல் தோன்றும். தராசு, அளவுகோல் எதுவும் அந்த ஒரு கணத்தில் வேறுபாட்டைக் காட்டித் தராது. மோதிரத்தில் ஒளிரும் வைரம் நம் வீட்டு வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் கிராஃபைட்டாக மாற வேண்டிய பொருள். வாசலில் நிற்கும் வேப்பமரத்தின் கட்டையும் அதைச் சூழ்ந்த காற்றின் ஆக்சிஜனும் சமநிலைக்குப் போனால் மிஞ்சுவது கரியமில வாயுவும் நீரும் ஒரு பிடிச் சாம்பலும்தான். அந்த முடிவு ஒரு தீப்பொறி தூரத்தில் இருக்கிறது. இதை எழுதும் கையும் படிக்கும் கண்ணும் அப்படியே. உடலுக்குள் ஒவ்வொரு கணமும் உணவையும் மூச்சையும் செலவிட்டு நாம் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பது எதுவோ, அதற்குத்தான் வேதியியல் சமநிலை என்று பெயர் வைத்திருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த அமைப்பிலிருந்து எந்த வேலையையும் பெற முடியாது, அங்கே இனி எதுவும் நிகழ்வதற்கில்லை, அடைய வேண்டியதும் இல்லை, இழக்க வேண்டியதும் இல்லை.

அப்படியானால் நாம் நிலையானவை என்று நம்பியிருக்கும் பலவும், நம் கருவிகள், கட்டடங்கள், வழிவழியாக வந்த ஏற்பாடுகள், உறவுகளுக்குள் நெடுங்காலமாக நீடிக்கும் அமைதி ஆகியவையெல்லாம், எந்த வகையைச் சேர்ந்தவை என்று கேட்டுப்பார்க்கும் கடமை நமக்கு உண்டாகிறது. முதல் வகையாக இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட ஏதுமில்லை, விட்டுவிட்டு உறங்கலாம். இரண்டாம் வகையாக இருந்தால், அதை நிறுத்திவைத்திருக்கும் தடை எது, அந்தத் தடையை எந்தச் சூடு தாழ்த்தும், எவ்வளவு காலம் தாங்கும் என்று அறிந்து காவல் இருக்க வேண்டும். இத்தனை நாள் மாறவில்லை என்பதை இனியும் மாறாது என்பதற்குச் சான்றாகக் கொள்வது நம் இயல்பான பிழை. சிற்றுறுதி நிலையில் இருக்கும் ஒரு பொருள், மாறத் தொடங்கும் நாளின் முந்தைய மாலைவரை, மாறாத பொருளைப் போலவே இருக்கும்.

இந்தப் பிழைக்கு உலோகவியலின் தலையாய படமே விலக்கு அன்று. இரும்பு, கார்பன் வரைபடத்தை உற்றுப் பார்த்தால், பல நூல்களில், தொடர்கோடுகளை ஒட்டிச் சில டிகிரி மேலே புள்ளிக்கோடுகள் ஓடுவதைக் காணலாம். மாணவர்கள் பெரும்பாலும் அதை அச்சுப் பிழைபோல் கடந்துவிடுவார்கள். உண்மையான சமநிலை அந்தப் புள்ளிக்கோடுதான். சிமென்டைட் என்பதே முடிவான பொருள் இல்லை. போதிய காலமும் வெப்பமும் கிடைத்தால் அது இரும்பாகவும் கிராஃபைட்டாகவும் பிரிந்துவிட வேண்டியது. கோவை வார்ப்பாலைகளில் பம்ப்செட் உடலுக்கு வார்க்கும் சாம்பல் வார்ப்பிரும்பில், சிலிக்கானின் தூண்டுதலால், இறுகும்போதே கார்பன் கிராஃபைட் செதில்களாக வெளிப்பட்டுவிடுகிறது. உருக்கிலோ அது மிகமிகத் தாமதமாகும் செயல். எனவே அதைப் புறக்கணித்து, சிமென்டைட்டையே எல்லையாகக் கொண்டு படம் வரைந்து, அதற்குச் சமநிலை வரைபடம் என்றே பெயரும் இட்டு, ஒரு நூற்றாண்டாகப் பயன்படுத்தி வருகிறோம். பயனுள்ள புறக்கணிப்புதான். ஆனால் புறக்கணித்திருக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

மறந்ததன் விலை 1943-ல் தெரியவந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் மின்நிலையத்தில், கார்பன், மாலிப்டினம் உருக்கால் ஆன நீராவிக் குழாய், ஏறத்தாழ 500 டிகிரி வெப்பத்தில் ஐந்தரை ஆண்டுகள் வேலைசெய்த பிறகு, வெல்டிங் இணைப்பின் அருகே பிளந்தது. பிளவை வெட்டி நுண்நோக்கியில் பார்த்தபோது, சிமென்டைட் இருக்க வேண்டிய இடத்தில் கிராஃபைட் முடிச்சுகள், பற்றவைத்த சூட்டால் பாதிக்கப்பட்ட பட்டையை ஒட்டி, சங்கிலிபோல் வரிசையாக நின்றிருந்தன. புள்ளிக்கோடு சொன்னது பொய்யில்லை. அது பொறுமையாகக் காத்திருந்தது, அவ்வளவுதான். 500 டிகிரி சூடும், ஐந்தரை ஆண்டு இடைவிடாத காலமும், வெல்டிங் செய்த வடுவும் சேர்ந்து, நடக்க முடியாத வழியை நடக்கத்தக்கதாக்கிவிட்டன. அதன் பிறகு அத்தகைய குழாய்கள் பலவும் அறுத்துச் சோதிக்கப்பட்டன. கார்பைடைக் கட்டிப்பிடித்து நிறுத்தக்கூடிய குரோமியத்தைச் சிறிதளவு சேர்த்த உருக்குகள் அந்த இடத்துக்கு வந்தன. அவையும் சமநிலைக்கு வந்துவிடவில்லை. அவற்றின் தடை உயரமானது, அவ்வளவே.

அதனால்தான் இன்றைய அனல்மின் நிலையங்களில் யாரும் வரைபடத்தை மட்டும் நம்பியிருப்பதில்லை. பழைய குழாய் ஒன்றின் மேற்பரப்பில் உள்ளங்கை அகலத்துக்கு இடத்தைத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். நைட்டல் தடவுகிறார்கள். கரைப்பானில் இளக்கிய மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை அதன்மேல் அழுத்தி, காய்ந்ததும் உரித்தெடுக்கிறார்கள். உலோகத்தின் உள்ளமைப்பு அந்தப் படலத்தில் அச்சாக வந்துவிடுகிறது. குழாயை வெட்டத் தேவையில்லை. பியர்லைட்டின் வரிகள் இன்னும் வரிகளாக இருக்கின்றனவா, துண்டுபட்டு உருண்டைகளாகத் தொடங்கிவிட்டனவா, எங்காவது கிராஃபைட் கருமை தலைகாட்டுகிறதா, நுண்துளைகள் தோன்றியிருக்கின்றனவா என்று நுண்நோக்கியில் தேடுகிறார்கள். இத்தனை ஆண்டுகளில் உலோகம் சமநிலையை நோக்கி எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது, மீதி எவ்வளவு ஆயுள் என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்பதும் கேட்காததும் நிலையத்தாரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளின்படி, 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேலைசெய்யும் கொதிகலன் பாகங்கள் 1,00,000 மணி நேரத்தை எட்டியதும், அதாவது இடைவிடாமல் ஓடினால் பதினொரு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆனதும், எஞ்சிய ஆயுள் எவ்வளவு என்று சோதிக்கப்பட்டே ஆக வேண்டும்.